அக்னெஸ் வெட்ட மறுத்த துப்பாக்கி

அக்னெஸ் தேவதாசன் பத்தொன்பது துப்பாக்கிகளை நெடுக்காகப் பிளந்தவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மூன்றாவது வாங்கின் கரையில், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கும் ஐம்பத்தாறு வயதுப் பெண்மணியைக் காட்டி இதைச் சொன்னால், மொன்றியலுக்குப் புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். எங்கள் கோயில் பங்கில் எல்லோருக்கும் அது தெரியும். சிலருக்குப் பிடிப்பதில்லை.

நகரின் செயின்ட்-மிஷேல் பகுதியில் லொரென்சோ என்ற இத்தாலியர் நடத்தும் பட்டறையில் அவர் வேலை செய்கிறார். அங்கே எதையும் புதிதாகச் செய்வதில்லை. இயந்திரங்களை வெட்டித் திறந்து, உள்ளே இருப்பது வெளியே தெரியும்படி ஆக்கி, அருங்காட்சியகங்களுக்கும் தொழிற்கல்லூரிகளுக்கும் கொடுப்பார்கள். தண்ணீர்ப் பம்பு, தையல் மெசின், இரும்புப் பெட்டகத்தின் பூட்டு, பழைய விமான எஞ்சின், எது வந்தாலும் வெட்டுவார்கள். வெட்டிய விளிம்புகளுக்குச் சிவப்புப் பெயின்ற் பூசுவார்கள். பழைய போர்த் துப்பாக்கிகளும் வரும். அவற்றை வைத்திருக்கவும் வெட்டவும் பட்டறைக்கு அனுமதிப் பத்திரம் உண்டு.

துப்பாக்கி வேலையை அக்னெஸ் கேட்டு வாங்கிச் செய்வார். வெட்டு முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, இரும்புத் தூளைத் தட்டிவிட்டு, ஒவ்வொரு முறையும் தமிழில் ஒரே வசனத்தைச் சொல்வார்.

"சரி. உலகத்திலை ஒரு துவக்கு குறைஞ்சுது."

லொரென்சோவுக்கு அந்த வசனம் பாடமாகிவிட்டது. அர்த்தம் தெரியாமலே அவரும் சேர்ந்து சொல்வார்.

அக்னெஸ் மன்னார்ப் பேசாலைக்காரி. தொண்ணூறாம் ஆண்டு அவருடைய தம்பி றெக்ஸ் கடற்கரை றோட்டில் சூடுபட்டுச் செத்துக் கிடந்தான். பதினேழு வயது. யார் சுட்டது என்று அன்று மூன்று கதைகள் இருந்தன. இன்றும் அந்த மூன்று கதைகள்தான் இருக்கின்றன. கடைசியில் வீட்டுக்கு ஒரு பேப்பர் வந்தது. அதில் 'விபத்து மரணம்' என்று எழுதியிருந்தது. தாயார் கையெழுத்து வைக்கவேண்டும் என்றார்கள். அப்போது அக்னெசுக்கு இருபத்தொரு வயது. பேனையைத் தாயாரின் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "சூடு பட்டவனுக்கு விபத்தெண்டு எழுதினால் நாங்கள் கையெழுத்து வைக்கமாட்டம்" என்றார். பேப்பரோடு வந்தவர்கள் மிரட்டிப் பார்த்தார்கள். பிறகு போய்விட்டார்கள். அந்தப் பேப்பரில் கடைசிவரை கையெழுத்து விழவில்லை.

மொன்றியலுக்கு வந்து, விமானச் சக்கரங்களைத் தாங்கும் தண்டுகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினேழு வருடம் அளவு பார்க்கும் வேலை செய்தார். உருக்குக் குழாயின் உள்விட்டத்தை அளந்து, மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் பிடிப்பதுதான் வேலை. பிழை கண்டால் ஒரு சிவப்புச் சீட்டை எழுதிக் கட்டவேண்டும். கட்டியவர் தவிர வேறு யாரும் அதை அவிழ்க்கக்கூடாது. ஏன் பிழை, எப்படிச் சரி என்று ஒருவர் எழுத்தில் பதில் தந்தால்தான் கட்டியவரும் அவிழ்ப்பார். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனபோது, அக்னெஸ் லொரென்சோவிடம் வந்தார். வரும்போது எழுதாத சிவப்புச் சீட்டுகளின் கட்டொன்றும் அவருடைய கைப்பையில் வந்தது.

போன வருடம் மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, இருபதாவது துப்பாக்கி வந்தது. நகரத்தில் பழைய படைப்பிரிவு ஒன்றின் சிறிய அருங்காட்சியகம் அனுப்பியிருந்தது. முதல் உலகப் போருக்கு முன் கியூபெக் நகரில் செய்யப்பட்ட றொஸ் துப்பாக்கி. மற்றத் துப்பாக்கிகளில் குண்டு ஏற்றும் பூட்டுத் தண்டைத் திருப்பித்தான் இழுக்கவேண்டும். இதில் நேரே பின்னுக்கு இழுத்தால் போதும். உள்ளே சுருள் வரிகள் பூட்டின் தலையைத் தானாகத் திருப்பிவிடும். அந்தச் சுருளைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் வெட்டச் சொல்லியிருந்தார்கள். கூட வந்த அறிக்கையில் நாலு வரி. 'சாதாரணப் படைத் துப்பாக்கி, இரண்டாம் மாதிரி. குழல் பிற்காலத்தில் மாற்றப்பட்டது. கட்டை அராவப்பட்டது. வரலாற்றுப் பெறுமதி இல்லை, வெட்டலாம்.' கீழே ஆலோசகர் காஞோன் என்பவரின் கையெழுத்து.

வெட்டுவதற்கு முன் வரைபடம் கீறவேண்டும். வரைபடத்துக்கு அளவு வேண்டும். அக்னெஸ் பூட்டை மூடி, ஒரு மெல்லிய கோலைக் குழல் வாயால் உள்ளே விட்டு, அது முட்டிய இடத்தில் அடையாளம் வைத்து வெளியே எடுத்து அளந்தார். இரண்டாம் மாதிரி என்றால் எழுபத்தொரு சென்ரிமீற்றர் இருக்கவேண்டும். எழுபத்தேழரை இருந்தது.

"குழல் மாற்றினது என்றுதானே எழுதியிருக்கிறது" என்றார் லொரென்சோ, பிரெஞ்சில். "மூன்றாம் மாதிரியின் குழலுக்கு அந்த நீளம். யாரோ கழற்றிப் பூட்டியிருக்கிறான்."

அது நியாயமான பதில்தான். அக்னெஸ் மறுபேச்சுப் பேசாமல் மரக்கட்டையைக் கழற்றினார். குழலின் அடி உடலோடு திருகும் இடத்தில், கட்டை மூடியிருந்த கீழ்ப்பக்கத்தில், ஒரு மெல்லிய கோடு இருந்தது. தொழிற்சாலையில் குழலைத் திருகி இறுக்கியபின், சரியான நிலையைக் குறிக்க உளியால் ஒரே அடியில் இரண்டு இரும்பிலும் சேர்த்து இடும் கோடு. குழலை ஒருமுறை மாற்றினாலும் அந்தக் கோடு பிசகும். அல்லது இரண்டு கோடுகள் இருக்கும். இதில் ஒரே கோடு, தலைமயிர் போல நேராக, இந்த இரும்பிலிருந்து அந்த இரும்புக்குப் போயிருந்தது. கோட்டுக்குள் இருந்த பழுப்புத் துருவும் இரண்டு பக்கமும் ஒரே நிறம். முறுக்குச் சாவி கடித்த தடம் எங்கேயும் இல்லை.

குழல் மாற்றப்படவில்லை. பிறந்தபோதே இந்த நீளத்தில்தான் பிறந்திருக்கிறது.

அக்னெஸ் கைப்பையைத் திறந்து சிவப்புச் சீட்டொன்றை எடுத்தார். 'அறிக்கையில் சொன்ன பொருளும் இந்தப் பொருளும் ஒன்றல்ல. வெட்டமாட்டேன்' என்று பிரெஞ்சில் எழுதிக் கையெழுத்து வைத்து, நூலால் விசையின் காப்பு வளையத்தில் கட்டினார்.

லொரென்சோ சீட்டை வாசித்தார். "இது விமானத் தொழிற்சாலை இல்லை, அக்னெஸ்" என்று சொல்லி அதைப் பிய்த்துக் குப்பையில் போட்டார். அக்னெஸ் இன்னொன்றை எழுதிக் கட்டினார். லொரென்சோ அதையும் பிய்த்தார். அக்னெஸ் மூன்றாவதை எழுதினார்.

"உன்னிடம் எத்தனை சீட்டு இருக்கிறது?"

"நூறு" என்றார் அக்னெஸ்.

மூன்றாவது சீட்டை லொரென்சோ பிய்க்கவில்லை. ஆனால் முகம் மாறிவிட்டது. "வெள்ளிக்கிழமை பின்னேரம் அருங்காட்சியகத்துக்கு வெட்டிய துப்பாக்கியின் படம் போகவேண்டும். போகாவிட்டால் திங்கட்கிழமை நீ வரத் தேவையில்லை" என்றார்.

வீட்டில் கணவர் தேவதாசன் பிட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். அவர் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுபவர்; பெரிதாகச் சத்தம் போடாத மனிதர்.

"இஞ்சேரப்பா, பத்தொன்பதை வெட்டினனீர். அப்ப ஒண்டும் சொல்லேல்லை. இதிலை என்ன புதுசா இரக்கம்?"

"இரக்கம் இல்லையப்பா. அந்தப் பத்தொன்பதிலையும் பேப்பரிலை என்ன இருந்துதோ அதுதான் இரும்பிலையும் இருந்தது. இதிலை பேப்பர் பொய் சொல்லுது."

"பொய் சொன்னால் சொல்லட்டுமே. துவக்குத்தானே."

"வெட்டினாப் பிறகு பேப்பர்தானே மிஞ்சும். பேந்து ஆர் போய் அளக்கிறது?"

தேவதாசன் பிட்டுக்கு இன்னொரு கரண்டி குழம்பு விட்டார். பிறகு, "அப்ப அது என்ன துவக்கெண்டு உமக்குத் தெரியுமே?" என்று கேட்டார்.

தெரியாது என்பதுதான் உண்மை. எது இல்லை என்பதுதான் அக்னெசுக்குத் தெரிந்திருந்தது. புதன்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் ரங்கநாதனுக்குத் தொலைபேசி எடுத்தார். ரங்கநாதன் சென்னைக்காரர், ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. சனிக்கிழமைகளில் ஒரு கழகத்தில் பழைய துப்பாக்கிகளால் இலக்குச் சுடும் பழக்கம் அவருக்கு உண்டு. ஒருமுறை உடைந்த திருகாணி ஒன்றைச் செய்விக்கப் பட்டறைக்கு வந்து, தமிழ்க் குரல் கேட்டு அசந்துபோய் நின்றவர்.

நீளத்தையும் கோட்டையும் அக்னெஸ் சொன்னதும் ரங்கநாதன் ஆவலோடு பேசத் தொடங்கினார்.

"அக்கா, அது மேட்ச் ரைஃபிளா இருக்கலாம். அந்தக் காலத்துல இங்கிலாந்துல பெரிய போட்டி நடக்கும். அதுக்குன்னு இரண்டாம் மாடல்லயே நீளமான, தடிச்ச குழல் போட்டு கொஞ்சம் பண்ணாங்க. வெளிய பாத்தா சாதாரண ஆர்மி ரைஃபிள் மாதிரியேதான் இருக்கும். தனியா பேர்கூட கிடையாது. கட்டைல மாடல் நம்பருக்குப் பக்கத்துல ரெண்டு நட்சத்திரம், அவ்ளோதான்."

"கட்டையை ஆரோ அராவிப்போட்டாங்கள், தம்பி. ஒண்டும் தெரியேல்லை."

"நான் நாளைக்குக் காலைல வரேன்க்கா. என்கிட்ட சாதா மூணாம் மாடல் ஒண்ணு இருக்கு. பக்கத்துல வெச்சுப் பாத்துடலாம்."

வியாழக்கிழமை காலை ரங்கநாதன் வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, பூட்டிய பெட்டியோடு நகரின் மேற்கே ரொக்ஸ்பரோவிலிருந்து வந்தார். லொரென்சோ கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டு துப்பாக்கிகளையும் கம்பளித் துணியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். நீளம் ஒன்று. ஆனால் அக்னெஸ் அளவுகோலை வைத்த ஒவ்வொரு இடத்திலும், அருங்காட்சியகத் துப்பாக்கியின் குழல் தடிப்பாக இருந்தது. மூன்றாம் மாதிரியின் குழல் என்ற கதை அத்தோடு முடிந்தது.

பிறகு உள்பக்கம். இது அக்னெசின் சொந்த நிலம். மெதுமையான ஈயக் குண்டொன்றை எண்ணெய் பூசிக் குழல் வாயில் வைத்து, மரக் கோலால் மெல்லத் தள்ளினார். ரங்கநாதனின் துப்பாக்கியில் குண்டு தொடக்கத்தில் இறுக்கமாகப் போய், நடுவில் சட்டென்று இளகி, பிறகு மறுபடியும் இறுகியது. படைக்கென்று ஆயிரக்கணக்கில் செய்த குழல்கள் அப்படித்தான் இருக்கும். சண்டைக்கு அது போதும். மற்றதில் குண்டு முழு நீளத்துக்கும் ஒரே பிடியோடு, கையில் ஒரு நடுக்கமும் இல்லாமல் போனது. அக்னெஸ் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாம் தரமும் தள்ளினார். பதினேழு வருடத்தில் அவர் அளந்த விமானத் தண்டுகளில்கூட இப்படி ஒரு சீரான துளை அதிகம் கிடையாது. யாரோ ஒருவர் நூறு வருடத்துக்கு முன் இந்தக் குழலைத் தெரிந்தெடுத்து, உள்ளே பொறுமையாகத் தேய்த்திருக்கிறார்.

"பின்பக்கக் குறிகாட்டியைப் பாருங்கோ" என்றார் அக்னெஸ். "காத்துக்கு இடம் வலம் நகர்த்துறதுக்குத் திருகாணி இருக்கு. இதுவும் போட்டிக்கெண்டு செய்ததுதானே."

ரங்கநாதன் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இல்லக்கா. இந்த ஓட்டையெல்லாம் அப்புறமா போட்டது. ஓரம் பாருங்க, புதுசா இருக்கு. இது யாரோ பின்னாடி வாங்கி மாட்டினது."

அக்னெஸ் வாங்கிப் பார்த்தார். அவர் சொன்னது சரி. தான் எழுதி வைத்திருந்த பட்டியலில் அந்த வரியை வெட்டிவிட்டார்.

கடைசியாகக் கட்டை. ஈரத் துணியால் ஒற்றி, விளக்கைச் சரித்துப் பிடித்தார்கள். இரும்பு அச்சால் அடித்த எண் மரத்தின் நார்களை ஆழத்தில் நசுக்கியிருக்கும். மேலே அராவினாலும் ஈரம் பட்டால் நசுங்கிய நார் வேறு மாதிரி நிறம் காட்டும். மெல்ல மெல்ல வரிசை எண் வந்தது: நாலு, ஒன்று, பிறகு தெரியாத ஓர் இலக்கம், கடைசியில் ஏழு. அதற்கு மேலே, மாதிரி எண் இருந்த இடத்தில், ஒரு நட்சத்திரம் தெளிவாக. பக்கத்தில் இன்னொன்று, அல்லது வெறும் கீறல்.

"ரெண்டு நட்சத்திரம்" என்றார் ரங்கநாதன்.

"ஒண்டரை" என்றார் அக்னெஸ்.

அன்று மத்தியானமே லொரென்சோ, தன் பாட்டில், காஞோனுக்குத் தொலைபேசி எடுத்தார். அக்னெசுக்காக எடுத்தாரா, பொறுப்பைத் தன் தலையிலிருந்து இறக்க எடுத்தாரா என்பது எனக்குத் தெரியாது. அக்னெசும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை காஞோன் வந்தார். எழுபது வயதிருக்கும், கழுத்துப்பட்டி, மினுக்கிய சப்பாத்து, பழைய துப்பாக்கிகளைப் பற்றி ஊரில் பேர் எடுத்தவர். மேசைக்கு வந்ததும் துப்பாக்கியைப் பார்க்கவில்லை. விசை வளையத்தில் தொங்கிய சிவப்புச் சீட்டைப் பார்த்தார்.

"இதை எழுதியது யார்?"

"நான்" என்றார் அக்னெஸ்.

"நீங்கள் துப்பாக்கிகளைப் பற்றி எங்கே படித்தீர்கள், மதாம்?"

"படிக்கவில்லை. குழாய் அளப்பேன்."

"நான் நாற்பது வருடமாகத் துப்பாக்கி பார்க்கிறேன்."

"இதை எவ்வளவு நேரம் பார்த்தீர்கள்?"

காஞோன் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். பிறகுதான் தெரியவந்தது, அந்த அருங்காட்சியகத்தின் நூற்றி நாற்பது துப்பாக்கிகளுக்கும் அவர் இரண்டே நாளில் அறிக்கை எழுதியிருந்தார். கட்டையைக் கழற்றியிருக்க நேரமே இல்லை.

அக்னெஸ் கோட்டைக் காட்டினார். காஞோன் குனிந்து நெடுநேரம் பார்த்தார். தடிப்பு அளவுகளைக் காட்டினார். அதையும் பார்த்தார். நட்சத்திரங்களைக் காட்டியபோது, "இரண்டாவது ஒரு கீறல்" என்றார். "இருக்கலாம்" என்றார் அக்னெஸ். ஈயக் குண்டையும் மரக் கோலையும் அவர் கையில் கொடுத்து, "தள்ளிப் பாருங்கள்" என்றார்.

"இதெல்லாம் கைப் பழக்கம், மதாம். ஆதாரம் என்பது வேறு."

"கை சொல்வதை முதலில் கேளுங்கள். ஆதாரத்தைப் பிறகு தேடலாம்."

அவர் தள்ளினார். பாதி வழியில் நிறுத்தி, மூச்சு விட்டு, மிச்சத்தையும் தள்ளினார். குண்டு மறுபக்கம் விழுந்ததும் கோலைக் கீழே வைத்தார். முகம் சிவந்திருந்தது.

"படைப்பிரிவின் சுடும் அணிக்குப் பதிவுப் புத்தகங்கள் இருந்தன" என்றார் மெதுவாக. "அருங்காட்சியகத்தின் நிலவறையில் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. யாரும் பிரித்ததில்லை."

"நான் பிரிக்கிறேன்" என்றார் அக்னெஸ்.

"அது பல நாள் வேலை."

"அதுவரை சீட்டு இதிலேயே இருக்கும்."

அக்னெஸ் லொரென்சோவைத் திரும்பிப் பார்த்தார். லொரென்சோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை வரவேண்டாம் என்ற பேச்சு பிறகு எழவே இல்லை.

அந்த ஞாயிறு, பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, அல்போன்சம்மா அக்னெசின் கையைப் பிடித்தார். மன்னார் ஆள், அக்னெசின் தாயாரை அறிந்தவர்.

"பிள்ளை, ஒரு துவக்குக்காக முதலாளியோடை சண்டை பிடிச்சியாம். உன்ரை தம்பி எப்பிடிச் செத்தவன் எண்டு மறந்துபோச்சே?"

பக்கத்தில் நின்ற நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"மறக்கேல்லை அன்ரி" என்றார் அக்னெஸ். குரல் உயரவில்லை. "மறக்காதபடியால்தான். எனக்குத் துவக்கு வேண்டாம். ஒண்டைப் பற்றி ஒருத்தர் பாக்காமல் எழுதி வைக்கிறதும் வேண்டாம். ரெண்டும் எனக்கு ஒரே கோபம்தான்."

அல்போன்சம்மா கையை விட்டார். அதற்குப் பிறகு சில கிழமைகள் அவர் அக்னெசோடு கதைக்கவில்லை. அக்னெஸ் வழமைபோல மூன்றாவது வாங்கில்தான் இருந்தார்.

நிலவறையில் முப்பத்தெட்டுப் பெட்டிகள். அக்னெஸ் நான்கு நாள் லீவு எடுத்து, தூசிக்கு மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தார். சீருடைப் பட்டியல்கள், குதிரைத் தீவனக் கணக்குகள், நூறு வருடத்துக்கு முந்திய விருந்துச் சாப்பாட்டு அட்டைகள். நான்காம் நாள், முப்பத்தோராவது பெட்டியில், அணியின் புத்தகம் இருந்தது. அணிக்குக் கொடுத்த பன்னிரண்டு துப்பாக்கிகளின் எண்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே 'நீளம், இரண்டு நட்சத்திரம்' என்ற குறிப்பு, கொடுத்த ஆளின் பெயர். அக்னெஸ் விரலை வைத்துக்கொண்டு கீழே வந்தார். நாலு, ஒன்று, ஏதோ ஒன்று, ஏழு.

அப்படி இரண்டு எண்கள் இருந்தன. 4137. 4187.

முதலாவது, இங்கிலாந்துப் போட்டியில் கிண்ணம் வென்ற ஒரு சார்ஜன்டுக்குக் கொடுத்தது. மற்றதுக்கு எதிரே ஆள் பெயர் இல்லை. 'மேலதிகம்' என்று மட்டும் எழுதியிருந்தது.

அருங்காட்சியகத்தின் இயக்குநர் நாற்பது வயது மதிக்கத்தக்க சுறுசுறுப்பான பெண். செய்தி கேட்டதும் துள்ளிக்கொண்டு வந்தார். அன்றே சுவரில் ஓர் இடம் ஒதுக்கிவிட்டார். இரண்டு நாள் கழித்து, அச்சுக்குப் போகவேண்டிய விளக்க அட்டையின் எழுத்துக்களை அக்னெசுக்கு அனுப்பினார். 'இங்கிலாந்தில் கிண்ணம் வென்ற துப்பாக்கி' என்று தலைப்பு. கீழே, போரிலிருந்து தப்பி வந்த ஓர் அகதிப் பெண் இதை அழிவிலிருந்து மீட்டார் என்று இரண்டு வரி. அக்னெஸ் துப்பாக்கியோடு நிற்கும் படம் ஒன்றும் எடுக்க விருப்பம் என்று எழுதியிருந்தார்.

அக்னெஸ் பதிலை மின்னஞ்சலில் அனுப்பவில்லை. பஸ் எடுத்து நேரே போனார்.

"எது வென்றது என்று நமக்குத் தெரியாது" என்றார். "இரண்டில் ஒன்று."

"ஐம்பது வீதம் சாத்தியம் இருக்கிறதே, மதாம். பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு கதை வேண்டும்."

"கதை வேண்டுமென்றால் வேறு துப்பாக்கியைப் பாருங்கள். இதற்கு இவ்வளவுதான் தெரியும். இது போட்டிக்கென்று செய்த ஆரம்பகாலத் துப்பாக்கி. அணியில் இருந்தது. எண் இதுவாக அல்லது அதுவாக இருக்கலாம். பின்பக்கக் குறிகாட்டி பிற்காலத்தது. அதையும் எழுதவேண்டும்."

"உங்களைப் பற்றிய வரிகள்?"

"அகதி என்று எதற்கு? நான் அகதியாக இருந்தபடியால் கோடு நேராகத் தெரிந்ததா? அளந்தவர் அக்னெஸ் தேவதாசன் என்று எழுதுங்கள். எழுத விருப்பமில்லையென்றால் விடுங்கள். துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நிற்கமாட்டேன்."

இயக்குநர் கொஞ்சம் வாடித்தான் போனார். அவரும் கெட்டவர் இல்லை. அந்தச் சின்ன இடத்துக்கு ஆட்களை வரவழைக்கப் பாடுபடுகிறவர். மூன்று தரம் எழுத்து மாறி வந்தது, மூன்று தரமும் அக்னெஸ் திருத்தி அனுப்பினார். நான்காவது அட்டைதான் அச்சானது. அதில் இரண்டு எண்களும் இருக்கின்றன. இரண்டாவது நட்சத்திரம் உறுதியில்லை என்றும் இருக்கிறது. அளந்தவர் பெயர் கடைசி வரியில், சின்ன எழுத்தில். தேவதாசன் அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு சனிக்கிழமை வேலை மாற்றிக்கொண்டு போனார். திரும்பி வந்து, "உம்மடை பேரிலை எழுத்துப் பிழை இல்லை" என்று மட்டும் சொன்னார். ஆனால் அன்று பின்னேரம் வழியிலே கண்ட எல்லோரிடமும் அதைச் சொல்லிவிட்டார்.

பூட்டின் சுருளைப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டிய தேவை அப்படியேதான் இருந்தது. மே மாதம் அருங்காட்சியகம் வேறொன்றை அனுப்பியது. குழல் முழுக்க உள்ளே துருத் தின்ற, கட்டை வெடித்த, மெய்யாகவே சாதாரணமான ஒன்று. அக்னெஸ் கட்டையைக் கழற்றி, கோட்டைப் பார்த்து, ஈயக் குண்டைத் தள்ளி, அறிக்கையை ஒரு வரி விடாமல் ஒப்பிட்டார். பிறகு இயந்திரத்தில் பூட்டி வெட்டினார். லொரென்சோவும் அவரும் சேர்ந்து அந்த வசனத்தைச் சொன்னார்கள். லொரென்சோ மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் எந்தப் பழைய பொருளும் வெட்டுக்கு இரண்டு கிழமைக்கு முன்பே வந்து சேரவேண்டும், முதலில் அக்னெஸ் பார்க்கவேண்டும் என்று பட்டறையின் ஒப்பந்தப் படிவத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டார்.

ஆனி மாதத்தில் காஞோனிடமிருந்து கடிதம் வந்தது. கையால் எழுதியது. தான் இரண்டு நாளில் எழுதிய நூற்றி நாற்பது அறிக்கைகளில் பதினொன்று தன்னை நித்திரை கொள்ளவிடவில்லை என்றும், அவற்றைச் சேர்ந்து பார்க்க வரமுடியுமா என்றும் கேட்டிருந்தார். அக்னெஸ் ஒரு நிபந்தனை வைத்தார். என் கண்டுபிடிப்பை என் பெயரில், என் கையெழுத்தோடு, தனித் தாளில் எழுதுவேன். உங்களுடைய அறிக்கைக்குள் கரையமாட்டேன். காஞோன் ஒத்துக்கொண்டார்.

இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் அருங்காட்சியகத்தின் பின்னறையில் இருக்கிறார்கள். போன கிழமை பார்த்தது பதினொன்றில் ஏழாவது. நீளமான குழல், கொஞ்சம் தடிப்பு, கட்டையில் ஏதோ தேய்ந்த அடையாளங்கள். காஞோனுக்கு அது இன்னொரு போட்டித் துப்பாக்கியாக இருக்கவேண்டும் என்று ஆசை. தானே பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். அக்னெஸ் கட்டையைக் கழற்றினார். அடியில் இரண்டு கோடுகள் இருந்தன, ஒன்றுக்கொன்று அரை விரல் விலகி.

"மாற்றின குழல்" என்றார் அக்னெஸ்.

"இன்னொரு தரம் பாருங்கள்" என்றார் காஞோன்.

"பார்த்துவிட்டேன். இல்லை."

காஞோன் பேனையை எடுத்து எழுதத் தொடங்கினார். அக்னெஸ் தன்னுடைய தாளைத் தனியாக எடுத்துக்கொண்டார்.